பாத் நகரில் கல்வெட்டையும் தலபுராணத்தையும் தனித்தனியே படிப்பது எப்படி?

நம் ஊர்ப் பழைய கோயில் ஒன்றுக்குள் நுழைந்தால் இரண்டு வகையான செய்திகள் நமக்குக் கிடைக்கும். ஒன்று, சுவரில் வெட்டப்பட்ட கல்வெட்டு. இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டில் இன்னார் இவ்வளவு நிலம் விட்டார் என்று அது கணக்குச் சொல்லும். மற்றொன்று, அர்ச்சகரும் ஊர்ப் பெரியவர்களும் சொல்லும் தலபுராணம். எந்த முனிவரின் எந்தச் சாபம் இந்தக் குளத்தில் தீர்ந்தது என்று அது விளக்கும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவருக்கு வரலாறு கிடைப்பதில்லை. தலபுராணத்தைப் பொய் என்று தள்ளிவிடுபவருக்கோ அந்த ஊர் ஏன் இப்படி வளர்ந்தது என்பதே புரிவதில்லை. இங்கிலாந்தின் தென்மேற்கில், சோமர்செட் பகுதியில், ஏவன் ஆற்றின் வளைவில் அமைந்திருக்கும் பாத் என்ற வெந்நீரூற்று நகரத்தையும் இதே முறையில் படிக்கலாம். அந்த ஊரை ஒரே நாளில், நடந்தே, அவ்வாறு படித்துவிடும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புறப்படும் முன்

லண்டனில் இருப்பவர்களுக்கு இது ஒரு நாள் பயணம். பாடிங்டன் நிலையத்திலிருந்து நேரடி ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேரலாம். பார்க்க வேண்டிய இடங்கள் எல்லாம் நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில்தான் உள்ளன. ரோமானியக் குளியலகத்துக்கான நுழைவுச்சீட்டை முன்கூட்டியே பதிவு செய்து, காலையில் திறக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். குளிர்காலக் காலை கிடைத்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை. குளத்திலிருந்து ஆவி எழுவது அப்போதுதான் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

கையில் ஒரு சிறிய நோட்டுப்புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். விரித்த பக்கத்தின் இடப்புறம் கல்லுக்கு, வலப்புறம் கதைக்கு. தோண்டி எடுக்கப்பட்ட பொருள், பொறிக்கப்பட்ட எழுத்து, அளந்து பார்த்த அளவு ஆகியவை இடப்புறம் போக வேண்டும். யாரோ சொன்னதாக நீங்கள் கேட்பதெல்லாம் வலப்புறம். வலப்புறம் எழுதும் ஒவ்வொரு கதைக்கும் கீழே மூன்று கேள்விகளுக்கு இடம் விடுங்கள்: இது முதலில் எப்போது எழுத்தில் வந்தது, எழுதியவர் யார், இதை நம்பியவர்கள் பின்னர் என்ன செய்தார்கள். இந்த மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலோர் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். பாத் நகரத்தின் பாதிப் பெருமை அதற்கான விடையில்தான் இருக்கிறது.

முதலில் தண்ணீர்

எந்தச் சிலையையும் எந்த மாளிகையையும் பார்ப்பதற்கு முன், ஊற்றின் கண்ணைப் பாருங்கள். குளியலகத்துக்குள் சென்றதும் 'அரசர் குளம்' எனப்படும் சிறு குளத்தைப் பார்க்க இடம் இருக்கிறது. அதன் பரப்பில் குமிழிகள் ஓயாமல் வந்து உடைந்துகொண்டே இருக்கும். தண்ணீர் கொதிக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். அது ஏறத்தாழ 46 பாகை செல்சியஸ் வெப்பத்தில்தான் இருக்கிறது, குமிழியாக வருவது நிலத்தடியிலிருந்து தண்ணீரோடு சேர்ந்து மேலேறும் வாயு. நாளொன்றுக்குச் சுமார் 11,70,000 லிட்டர் தண்ணீர் இந்த ஒரு கண்ணிலிருந்து மட்டும் சுரக்கிறது. நகரத்தில் இதுபோன்ற வெந்நீரூற்றுகள் மூன்று உள்ளன.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதற்குப் புவியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டுள்ள விளக்கம் இது: ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் தெற்கே உள்ள மெண்டிப் குன்றுகளில் பெய்த மழை, சுண்ணாம்புப் பாறைகளின் வழியே 2,700 முதல் 4,300 மீட்டர் ஆழம் வரை இறங்கி, பூமியின் வெப்பத்தால் சூடேறி, அழுத்தத்தின் காரணமாகப் பாறைப் பிளவுகளின் வழியே இங்கே மேலே வருகிறது. அருகில் எரிமலை எதுவும் இல்லை. நோட்டுப்புத்தகத்தின் இடப்புறத்தில் முதல் வரியாக இதை எழுதுங்கள். இந்த ஊற்றைப் பற்றி வழங்கும் ஒவ்வொரு கதையும், நிலம் குளிர்ந்து கிடக்கும் நாட்டில் தண்ணீர் மட்டும் ஏன் சுடுகிறது என்ற ஒரே வியப்பிலிருந்துதான் பிறந்தது.

பெரிய குளத்தில் எதை நம்பலாம்

நுழைந்தவுடன் மேல்தளத்திலிருந்து பெரிய குளத்தைப் பார்ப்பீர்கள். சுற்றிலும் ரோமானியத் தலைவர்களின் சிலைகள் நிற்கும். முதல் முறை சென்றபோது அந்தச் சிலைகளும் தூண்களும் தளமும் எல்லாமே ஈராயிரம் ஆண்டுப் பழமையானவை என்று நம்பிக்கொண்டு, அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். அவை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வைக்கப்பட்டவை. குளம் மண்ணுக்கடியில் மறைந்து, மேலே வீடுகளே கட்டப்பட்டிருந்தன; நகரின் கட்டடக்கலைஞரும் நில அளவையாளருமான மேஜர் சார்லஸ் டேவிஸ் 1870களின் இறுதியில் தொடங்கிய அகழ்வில்தான் அது வெளிப்பட்டது. 1897இல் பொதுமக்களுக்குத் திறந்தபோது, ரோமானியச் சூழலை உண்டாக்கும் நோக்கத்தில் மேல்தளமும் சிலைகளும் அமைக்கப்பட்டன. அவற்றில் ஜூலியஸ் சீசரும் நிற்கிறார். அவர் பிரிட்டனுக்கு வந்தது கி.மு. 55, 54ஆம் ஆண்டுகளில், ரோமானியர் இங்கே கோயில் கட்டுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பு.

ஆகவே ஓர் எளிய விதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குளத்தின் மட்டத்தில் நின்றுகொண்டு தூண்களைப் பாருங்கள்: அவற்றின் அடிப்பகுதி ரோமானியருடையது, அதற்கு மேலே எழுந்து நிற்பவை 19ஆம் நூற்றாண்டின் கட்டுமானம். மேலே நோக்கியே பழகிய கண்ணை இங்கே கீழே இறக்க வேண்டும். குளத்தைச் சுற்றியுள்ள நடைபாதைக் கற்கள், தண்ணீருக்குள் இறங்கும் படிகள், தண்ணீர் கசியாதபடி அடியில் விரித்த ஈயத் தகடுகள் ஆகியவை உண்மையான ரோமானிய வேலைப்பாடு. அந்தக் குளம் இன்றும் தண்ணீரைத் தாங்கி நிற்கிறது. தண்ணீர் பச்சையாக இருப்பதைக் கண்டு, அந்நாளிலும் இப்படித்தான் இருந்தது என்று எண்ண வேண்டாம். அப்போது குளத்துக்குக் கூரை இருந்தது, இப்போது வெயில் படுவதால் பாசி வளர்கிறது.

தண்ணீரைத் தொடாதீர்கள். இது வெறும் சம்பிரதாயமான எச்சரிக்கை அல்ல. 1978இல் இந்த ஊற்று நீர் நிரப்பிய குளமொன்றில் நீந்திய சிறுமி, நீரில் இருந்த ஒருவகை அமீபாவால் மூளைக்காய்ச்சல் கண்டு இறந்தாள். அதன் பிறகு பொதுக்குளியல் நிறுத்தப்பட்டு, ஆழத்திலிருந்து தூய நீரை எடுக்கப் புதிய துளைக்கிணறு தோண்டப்பட்டது.

அம்மனுக்கு எழுதிய பிராதுகள்

உங்கள் நாளின் பெரும்பகுதியைக் கீழ்த்தளத்து அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். கி.பி. 43இல் ரோமானியர் பிரிட்டன் மீது படையெடுத்து வந்தபோது, இந்த ஊற்றில் உள்ளூர் மக்கள் சுலிஸ் என்ற பெண் தெய்வத்தை ஏற்கெனவே வழிபட்டு வந்தார்கள். வந்தவர்கள் அவளை அகற்றவில்லை. தங்கள் அறிவுத் தெய்வமான மினர்வாவோடு அவளை இணைத்து, சுலிஸ் மினர்வா என்று அழைத்து, 60களிலும் 70களிலும் கோயிலும் குளியலகமும் கட்டினார்கள். ஊருக்கும் 'அக்வே சுலிஸ்', அதாவது சுலிஸின் நீர்நிலை, என்று பெயர் வைத்தார்கள். சுலிஸ் மினர்வா என்பதில் உள்ளூர்த் தெய்வத்தின் பெயர் முன்னே வருவதைக் கவனியுங்கள். ஊற்றிலிருந்து கிடைத்த காசுகளில் ரோமானியருக்கு முந்தைய செல்டிக் நாணயங்களும் உள்ளன.

1727இல் கழிவுநீர்க் கால்வாய் தோண்டிய தொழிலாளர்கள் கண்டெடுத்த மினர்வாவின் வெண்கலத் தலையின் முன் நின்று நிதானமாகப் பாருங்கள். அதன் மேல் ஆறு முறை பொன் பூசப்பட்டிருக்கிறது. ஒரே முகத்துக்கு ஆறு முறை பொன் சாத்தியிருக்கிறார்கள் என்றால், அந்தக் கோயில் எவ்வளவு காலம் உயிரோடு இருந்தது என்பதை வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, கோயில் முற்றத்தில் கிடைத்த ஒரு பீடக் கல்லைத் தேடிப் போங்கள். 1965இல் கண்டெடுக்கப்பட்ட அதில், லூசியஸ் மார்சியஸ் மெமோர் என்பவர் சுலிஸ் தெய்வத்துக்குக் காணிக்கை தந்ததாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவர் தொழில், பலியிட்ட விலங்கின் ஈரலைப் பார்த்துக் குறி சொல்வது. லத்தீனில் அதற்கு 'ஹரூஸ்பெக்ஸ்' என்று பெயர். பெயருக்குக் கீழே உள்ள அந்தத் தொழிற்பெயரை உற்றுப் பாருங்கள். முதல் மூன்று எழுத்துகள் மட்டும் வரியின் நடுவில் சீராக வெட்டப்பட்டிருக்கும். அடுத்த மூன்று எழுத்துகள் பின்னால் சேர்க்கப்பட்டு ஒரு பக்கமாக நீண்டிருப்பதால் வரியே கோணலாகத் தெரியும். வெறும் மூன்று எழுத்துச் சுருக்கத்தைக் கண்ட உள்ளூர்க்காரர்களுக்கு அது விளங்கியிருக்காது. பிரிட்டன் முழுவதிலும் இந்தத் தொழிலைச் செய்தவராக நமக்குத் தெரியவருபவர் இவர் ஒருவர்தான். கல்தச்சனைத் திரும்ப அழைத்து, 'இன்னும் மூன்று எழுத்து சேர்' என்று சொல்லியிருக்கிறார்கள். எந்த நூலும் சொல்லாத ஒரு சிறு நிகழ்ச்சியை அந்தக் கோணல் வரி சொல்லிவிடுகிறது. இப்படிப்பட்டவற்றைத்தான் இடப்புறப் பக்கத்தில் விரிவாக எழுத வேண்டும்.

ஆனால் நான் ஒவ்வொரு முறையும் அதிக நேரம் நிற்பது ஈயத் தகடுகளின் முன்தான். 1979, 1980ஆம் ஆண்டுகளில் தொல்லியலாளர் பாரி கன்லிஃப் ஊற்றுக்குள் அகழ்ந்தபோது 12,000க்கும் மேற்பட்ட ரோமானியக் காசுகளோடு, சுமார் 130 ஈயத் தகடுகளும் கிடைத்தன. உள்ளங்கையில் அடங்கும் மெல்லிய தகடு, அதில் எழுத்தாணியால் கீறிய எழுத்துகள்; எழுதி முடித்ததும் சுருட்டியோ மடித்தோ ஊற்றில் போட்டுவிடுவார்கள். அவற்றில் பெரும்பாலானவை திருட்டைப் பற்றிய முறையீடுகள். கோயிலில் பிராது எழுதிக் கட்டும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு அவற்றின் நடை உடனே பிடிபட்டுவிடும். டோசிமெடிஸ் என்பவர் தம் இரண்டு கையுறைகளைத் தொலைத்துவிட்டார். எடுத்தவன் தெய்வத்தின் கோயிலிலேயே அறிவையும் கண்களையும் இழக்க வேண்டும் என்று வேண்டுகிறார். டோசிலியானஸ் என்பவரின் தலைமூடியோடு கூடிய மேலங்கி திருடுபோயிருக்கிறது. எடுத்தவர் ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரரோ, அதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வரை அவருக்கு உறக்கமும் வேண்டாம், பிள்ளையும் வேண்டாம் என்கிறார். பணப்பையிலிருந்து ஆறு வெள்ளிக் காசுகளைப் பறிகொடுத்த அன்னியானஸ், 'அவன் கிறித்தவனாக இருந்தாலும் சரி, பிற சமயத்தவனாக இருந்தாலும் சரி' என்று எழுதுகிறார். கிறித்தவம் இந்த ஊருக்கு வந்துவிட்டிருந்தது என்பதற்கு அந்த ஒரு சொல் சாட்சி. சில தகடுகளில் எழுத்துகள் தலைகீழ் வரிசையில், பின்னிருந்து முன்னாக எழுதப்பட்டிருக்கின்றன.

ஒரு கையுறைக்காக ஒருவன் கண்ணை இழக்க வேண்டுமா என்று இன்று தோன்றலாம். குளிரில் வேலை செய்து பிழைத்தவனுக்கு, குளிக்க இறங்கும்போது கரையில் கழற்றி வைத்த கையுறை எவ்வளவு பெரிய சொத்து என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பேரரசர்களின் கல்வெட்டுகள் எங்கும் கிடைக்கும். கையுறை தொலைத்த எளியவனின் கோபம் பல நூற்றாண்டுகள் தாண்டி, அவன் சொற்களிலேயே நம்மிடம் வந்து சேர்ந்திருப்பது அரிது.

இங்கிருந்து வெளியேறும் முன், ஊற்றின் உபரி நீர் வழிந்தோடும் ரோமானியக் கால்வாயைப் பாருங்கள். கற்களின் மேல் நீரில் உள்ள இரும்பு படிந்து, ஆரஞ்சு நிறத்தில் தடிப்பாக ஒட்டியிருக்கும். அதில் ஓடும் தண்ணீர் ஏவன் ஆற்றில் போய்க் கலக்கிறது.

ஒரு கதை மெய்யாகிறது, ஒரு கதை நகரத்தைக் கட்டுகிறது

இனி வலப்புறப் பக்கத்துக்கு வருவோம். சொலினஸ் என்ற மூன்றாம் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர், பிரிட்டனில் வெந்நீரூற்றுகளுக்கு மினர்வா தெய்வம் என்றும், அவள் கோயிலில் அணையாத நெருப்பு எரிகிறது என்றும், அது தணியும்போது சாம்பலாகாமல் கல் உருண்டைகளாகிறது என்றும் எழுதினார். படிப்பவர்களுக்கு இது வெறும் அற்புதக் கதையாகத் தோன்றும். சோமர்செட் பகுதியில் நிலக்கரி கிடைக்கிறது என்று அறிந்தவருக்கோ செய்தி வேறாகிவிடும்: விறகை மட்டுமே எரித்துப் பழகியவர் ஒருவர் நிலக்கரியின் கசடைக் கண்டால் அதை இப்படித்தான் விவரிப்பார். ஆகவே எந்தக் கதையையும் பொய் என்று அடித்துவிடும் முன், அந்த மண்ணில் என்ன கிடைக்கிறது என்று விசாரியுங்கள்.

பாத் நகரின் தலபுராணம் என்று சொல்லத்தக்கது பிளாடுட் இளவரசனின் கதை. அவன் ஏதென்ஸில் கல்வி கற்றுத் தொழுநோயோடு திரும்பினான். அரண்மனையிலிருந்து விலக்கப்பட்டவன், மாறுவேடத்தில் ஏவன் ஆற்றங்கரைப் பகுதியில் பன்றி மேய்த்துப் பிழைத்தான். அவன் நோய் பன்றிகளையும் பற்றியது. ஒரு நாள் பன்றிகள் பள்ளத்தாக்கில் இருந்த வெதுவெதுப்பான சேற்றில் இறங்கிப் புரளத் தொடங்கின. ஓக் மரத்தின் விதைகளைக் காட்டி ஆசைகாட்டித்தான் அவற்றைக் கரையேற்ற முடிந்தது. கழுவிப் பார்த்தால் அவற்றின் தோல் தெளிந்திருந்தது. தானும் அதில் இறங்கினான், குணமானான், நாடு திரும்பி அரசனானான், நன்றிக்கு இந்த நகரத்தை அமைத்தான் என்பது கதை. நகருக்கு அருகில் உள்ள ஸ்வைன்ஸ்விக், ஸ்வைன்ஃபோர்டு என்னும் ஊர்ப் பெயர்களை இக்கதையின் சாட்சிகளாகக் காட்டுவார்கள்.

இப்போது மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பிளாடுட் நகரை அமைத்ததாகச் சொல்லப்படும் ஆண்டு கி.மு. 863. அவனை நமக்கு அறிமுகப்படுத்துபவர் ஜெஃப்ரி ஆஃப் மோன்மத் என்னும் மதகுரு. அவர் எழுதியது கி.பி. 1136ஐ ஒட்டி. இடைவெளி ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள். மேலும், ஜெஃப்ரியின் பிளாடுட் மந்திரம் அறிந்தவன், மினர்வாவின் அணையா நெருப்பை ஏற்றியவன், இறக்கை கட்டிப் பறக்க முயன்று லண்டனில் விழுந்து இறந்தவன், லியர் அரசனின் தந்தை. ஆனால் அவனிடம் பன்றிகளும் இல்லை, தொழுநோயும் இல்லை. அவை பல நூற்றாண்டுகள் கழித்து ஒட்டிக்கொண்டவை. அரசர் குளத்தின் சுவரில் பிளாடுடின் சிலை ஒன்று அமர்ந்திருக்கும். அவனே இதை நிறுவியவன் என்று கூறும் பலகையில் உள்ள ஆண்டு 1699. ஊற்று நோய் தீர்க்கும் என்று நாடெங்கும் பேசப்பட்டு, நோயாளிகள் திரண்டு வரத் தொடங்கியிருந்த காலம் அது. ஊருக்கு ஒரு மருத்துவ வரலாறு தேவைப்பட்டபோது, கதையும் மருத்துவக் கதையாக மாறியது.

மூன்றாவது கேள்விக்கு விடை காண, ஊற்றை விட்டு வடக்கே மேடேறி நடக்க வேண்டும். வழியில் குவீன் சதுக்கத்தைக் கடந்து, கே தெருவின் உச்சியில் உள்ள வட்ட வடிவக் குடியிருப்பான சர்க்கஸை அடையுங்கள். இதை வடிவமைத்த ஜான் வுட் பிளாடுடை உறுதியாக நம்பியவர். அவன் கதையைத் தம் நூலில் விரிவாக எழுதியவர். பிரிட்டனின் பழங்குருமார்களான துரூயிடுகளுக்கு இப்பகுதியே தலைமையிடமாக இருந்தது என்று கருதியவர். ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தை நேரில் சென்று அளந்துவிட்டு வந்து, அந்தக் கருத்தில் இந்த வட்டத்தைத் திட்டமிட்டார். 1754இல் வேலை தொடங்கிய சில மாதங்களில் அவர் இறந்துவிட, மகன் ஜான் வுட் அதை முடித்தார். வட்டத்தின் நடுவில் நின்று, கைப்பேசியின் கேமராவைப் பெரிதாக்கிக் கூரை விளிம்பைப் பாருங்கள். வரிசையாகக் கல்லில் செதுக்கிய ஓக் விதைகள் நிற்கும். பிளாடுட் பன்றிகளைக் கரையேற்றிய அதே விதைகள். துரூயிடுகளுக்கு ஓக் மரம் புனிதமானது என்ற எண்ணமும் அதில் கலந்திருக்கிறது. நடக்காத ஒன்றைப் பற்றிய நம்பிக்கை, ஐரோப்பாவின் மிக அழகிய குடியிருப்புகளில் ஒன்றை எழுப்பியிருக்கிறது. எனவே பிளாடுடின் கதையை வலப்புறம் எழுதிவிட்டு, ஓக் விதைகளை இடப்புறம் எழுதுங்கள். கதை பொய்யாக இருக்கலாம், அதன் விளைவு மெய்.

அங்கிருந்து சில நிமிட நடையில் உள்ள ராயல் கிரெசன்ட் எனும் பிறைவடிவ வீட்டு வரிசை, மகன் வுட் 1767 முதல் 1775 வரை கட்டியது. அதன் அழகு பார்த்தாலே விளங்கும்.

திருத்தேவாலயமும் மற்ற கதைகளும்

மேட்டிலிருந்து திரும்பி வந்து, குளியலகத்துக்கு அடுத்துள்ள பாத் ஆபி தேவாலயத்தின் மேற்கு முகப்பின் முன் நில்லுங்கள். ரோமானியர் போனபின் ஊர் சிதைந்தது. சாக்சானியப் படையினர் 577இல் இதைக் கைப்பற்றியதாக ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பு கூறுகிறது. பின்னர் இங்கே ஒரு மடம் எழுந்தது. அந்தத் தேவாலயத்தில்தான் 973இல் எட்கர் அரசனுக்கு முடிசூட்டினார்கள். அந்தச் சடங்கின் முறையே பிற்கால ஆங்கில முடிசூட்டு விழாக்களுக்கு அடிப்படையாயிற்று. இன்று நிற்கும் கட்டடம் 1499ஐ ஒட்டி ஆயர் ஆலிவர் கிங் தொடங்கியது. வானத்துக்கு எழும் ஏணியில் தேவதூதர்கள் ஏறி இறங்குவதையும், 'ஓர் ஆலிவ் மரம் மகுடத்தை நிலைநிறுத்தட்டும், ஓர் அரசன் தேவாலயத்தைப் புதுப்பிக்கட்டும்' என்ற குரலையும் அவர் கனவில் கண்டார் என்பது கதை.

முகப்பின் இருபுறமும் அந்த ஏணிகள் கல்லில் உள்ளன. தூதர்களில் சிலர் தலைகீழாக இறங்குவதும் தெரியும். அருகில் ஆலிவ் மரமும் மகுடமும் உள்ளன. ஆலிவர் கிங் என்ற பெயரையே ஆலிவ், அரசன் என்று பிரித்துச் செதுக்கிய சிலேடை அது. கனவைப் பற்றிய எழுத்துச் சான்று பின்னாளில்தான் கிடைக்கிறது. எனவே ஆயர் கனவு கண்டு முகப்பைச் செதுக்கச் சொன்னாரா, முகப்பைப் பார்த்தவர்கள் கனவைச் சொன்னார்களா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். எனக்கு இரண்டாவது வாய்ப்பே வலுவாகத் தெரிகிறது.

சாலி லன் ரொட்டிக்கடையின் கதை இதைவிட எளிது. 1680இல் பிரான்சிலிருந்து அகதியாக வந்த பெண்ணொருத்தி இந்தப் பெரிய மெத்து ரொட்டியைக் கொண்டுவந்தாள் என்பார்கள். அப்படி ஒரு பெண் வாழ்ந்ததற்கு நம்பத்தக்க ஆவணம் இல்லை. ரொட்டி நன்றாக இருக்கும். கதையை வலப்புறம் எழுதிவிட்டுச் சாப்பிடலாம்.

தண்ணீரைக் குடித்த காலம்

மாலையில் பம்ப் ரூம் என்னும் கூடத்துக்குள் செல்லுங்கள். 1702, 1703இல் ஆன் அரசி இங்கே வந்து சென்ற பின், உயர்குடியினர் கூட்டம் பெருகியது. அடுத்த சில ஆண்டுகளில் விழா நெறியாளராகப் பொறுப்பேற்ற ரிச்சர்ட் 'போ' நாஷ், யார் எப்போது ஆட வேண்டும், என்ன உடுத்த வேண்டும் என்பதற்கெல்லாம் விதி வகுத்து, கூடங்களில் வாள் அணிவதைத் தடுத்து, ஐம்பதாண்டுகளுக்கு மேல் முடிசூடாத அரசராக ஊரை நடத்தினார். இந்தக் காலத்தில் குளிப்பதோடு குடிப்பதும் மருத்துவமாயிற்று. ஏழை நோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனையும் 1742இல் திறக்கப்பட்டது.

இன்றுள்ள கூடம் 1790களில் கட்டப்பட்டது. அதற்கு அடித்தளம் தோண்டியபோதுதான் 1790இல் சுலிஸ் கோயிலின் முகப்புக் கற்கள் கிடைத்தன. பாம்புகள் நெளியும் தலைமுடியும் அடர்ந்த மீசையுமாக, நடுவில் சீறிப் பார்க்கும் அந்த முகத்தைக் காலையில் அருங்காட்சியகத்தில் கண்டிருப்பீர்கள். கோர்கன் என்னும் கிரேக்கப் பெண் உருவத்துக்கு உள்ளூர்ச் சிற்பி மீசை வைத்துவிட்டார் என்பாரும் உண்டு, அது கடல் தெய்வம் என்பாரும் உண்டு. கூடத்தின் வெளிமுகப்பில் 'தண்ணீரே சிறந்தது' என்ற பழைய கிரேக்க வரி பொறிக்கப்பட்டிருக்கிறது. உள்ளே ஊற்று நீரை ஒரு குவளை வாங்கிக் குடித்துப் பாருங்கள். அது சுத்திகரித்துத் தரப்படுவது. 43 தாதுக்கள் கலந்தது. வெதுவெதுப்பாக, இரும்பின் சுவையோடு நாவில் நிற்கும். ஒரே மடக்கில் குடிக்க வேண்டாம். மருந்தென்று நம்பிய நோயாளிகள் எத்தனை குவளை இதைக் குடித்தார்கள் என்பதை அந்தச் சுவை உணர்த்தும்.

நேரமும் பணமும் இருந்தால், 2006இல் திறக்கப்பட்ட தெர்மே பாத் ஸ்பாவில் மாலைக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அங்கே அனுமதி இல்லை. அதன் மொட்டைமாடிக் குளத்தில் ஊற்று நீர் சுமார் 33 பாகை வரை ஆற்றப்பட்டு நிரப்பப்படுகிறது. இறங்கும் முன் நோட்டுப்புத்தகத்தைப் பையில் பத்திரப்படுத்திவிட்டு, கழுத்தளவு தண்ணீரில் நின்று தேவாலயக் கோபுரத்தையும், அதற்குப் பின்னே ஊரைச் சுற்றி நிற்கும் குன்றுகளையும் பாருங்கள். கழற்றி வைத்த கையுறையைப் பூட்டிய பெட்டிக்குள் வைத்துவிட்டீர்களா என்பதையும் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.